நான்கு வயது மகளை வெளிப்புறப் பாலர் பள்ளிக்கு மாற்றலாமா?

ஈசூன்_கயல்:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இப்போது எங்கள் புளோக்கின் கீழேயே இருக்கும் பாலர் பள்ளிக்குப் போகிறாள், பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அங்கே வெளியே விளையாடுவது என்றால் ரப்பர் தரை போட்ட திடலில் வரிசையாக நின்று சறுக்குமரம் ஏறி இறங்குவதுதான். அலுவலகத் தோழி ஒருத்தி தன் மகனை மரம், மண், ஓடை என்று நாள் முழுக்க வெளியில் வைத்தே சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் போட்டிருக்கிறாள். போய்ப் பார்த்தேன், பிடித்துவிட்டது. கட்டணம்தான் இப்போது கட்டுவதைவிட மூன்று மடங்கு. மாமியார், "மண்ணில் புரள அவ்வளவு வெள்ளியா? கீழே கூட்டிட்டுப் போய் நானே சும்மா புரளவிடறேன்" என்கிறார். கணவருக்கு டெங்கி, இடி மின்னல், தொடக்கநிலை 1இல் திணறுவாளோ என்று வரிசையாகக் கவலை. எனக்கு உறுத்துவது அங்கே தமிழ் இல்லை, சீனம் மட்டும்தான் என்பது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பாலர்_டீச்சர்:
கயல், நான் இந்தத் துறையில் இருப்பவள், ஆனால் உங்கள் தோழியின் பள்ளி மாதிரியான இடத்தில் இல்லை, அதனால் விளம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

இது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த முறை. டென்மார்க்கில் 1950களில் எல்லா ஃப்ளாட்டாவ் (Ella Flatau) என்ற அம்மா பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு நடந்ததில் தொடங்கியது என்பார்கள், பிறகு ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பரவியது. அங்கே பிரச்சினை குளிர், தடியாக உடுத்திவிட்டால் முடிந்தது. நமக்கு வெயிலும் மின்னலும். உலகத்திலேயே அதிகம் இடி இடிக்கும் பகுதிகளில் சிங்கப்பூரும் ஒன்று, அதற்குச் சட்டை போட முடியாது. அதனால் பள்ளியில் முதலில் கேட்க வேண்டியது, இடி கேட்டால் எத்தனை நிமிடத்தில் கூரைக்குள் போவீர்கள், கடைசி இடிக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் என்பதுதான். அரை மணி நேரம் என்று யோசிக்காமல் சொன்னால் நல்லது. "சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்வோம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. நம் விதிப்படி நர்சரி 2இல் (நான்கு வயது வகுப்பு) 15 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், கே1இல் (ஐந்து வயது வகுப்பு) 20க்கு ஒருவர். நான்கு சுவருக்குள் அது போதும், ஓடைப் பக்கத்தில் போதாது. மூன்று மடங்கு கட்டணம் வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் இதற்குத்தான் செலவிட வேண்டும், செலவிடுகிறார்களா என்று பாருங்கள்.

பிறகு ஒரு காலை நேரம் சும்மா நின்று கவனியுங்கள். பிள்ளை மரத்தில் ஏறும்போது ஆசிரியர் "இறங்கு, இறங்கு" என்கிறாரா, இல்லை "அடுத்து காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேட்கிறாரா? இந்த ஒரு விஷயத்தில் பள்ளியின் தரமே தெரிந்துவிடும். நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், பிள்ளைகள் தேடிப் போகும் துணிச்சல் விளையாட்டை 2007இல் ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவி, நீர் நெருப்பு போன்றவற்றின் பக்கம், மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணுக்கு மறைந்து திரிவது. கடைசியை நம் ஊர்ப் பெற்றோர் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் (நானும்தான்). மற்ற ஐந்தையும் அளவோடு கொடுக்கலாம். எல்லாவற்றையும் தடுக்கிற பள்ளி மரத்தடியில் நடந்தால் என்ன, ஏர்கோனில் நடந்தால் என்ன?

தொடக்கநிலை 1 பற்றி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், 2019 முதல் தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண் சேரும் தேர்வே கிடையாது. எழுத்தே அறியாமல் போகலாம் என்று சொல்லவில்லை. மண்ணைப் பிசைந்து, கயிறு முடிந்து, கிளை இழுத்த விரல் பென்சிலைப் பிடிக்கச் சிரமப்படாது.

மூணு_பிள்ளை_அப்பா:
உங்க மாமியார் பேச்சுக்கு என் ஓட்டு. மூன்று மடங்கு எல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, கடன் வாங்கி மண்ணில் விளையாடவிட வேண்டுமா? பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் 4 ஹெக்டர், மரவீடு, ஓடை எல்லாம் இருக்கிறது, காசு கிடையாது. அட்மிரல்டி பூங்காவில் 26 சறுக்குமரம், அதைவிட அங்கே இருக்கும் சதுப்புநிலப் பலகைப் பாதைதான் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சேற்றுமீனைப் பார்த்தால் நகரவே மாட்டார்கள். வாரம் தவறாமல் ஒரே இடத்துக்குப் போங்கள், புதுப்புது இடமாக ஓடாதீர்கள், அதே மரம் பூப்பதையும் காய்ப்பதையும் பிள்ளை கவனிக்கும்.

முழுச் சிவப்பாக இருக்கும் ஆனைக்குன்றிமணி விதை கீழே கிடந்தால் ரசிக்கலாம், ஆனால் இயற்கை வனப்பகுதிகளில் எதையும் பறிக்கவோ எடுத்துவரவோ அனுமதி இல்லை. ஒரு முனையில் கறுப்பு உள்ள சின்னக் குன்றிமணி கடுமையான விஷம், இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். குரங்கு நடமாடும் இடத்தில் பிளாஸ்டிக் பை கையில் வேண்டாம், சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்கும். கொசு மருந்தைப் புறப்படும் முன்பே தடவுங்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது.

பாலர்_டீச்சர்:
அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் சனி ஞாயிறும் வேலைக்குப் போகிற பெற்றோர் என்ன செய்வார்கள்? 3 முதல் 6 வயதுக்கு ஒரு நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைவு, அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடுவது என்பது இங்குள்ள பரிந்துரை. அதை வாரக்கடைசியில் மொத்தமாகக் கட்டிவிட முடியாது. கண்ணுக்கும் அப்படித்தான். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), வெளியே மர நிழலிலேயே சில ஆயிரம். கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட அந்த வெளிச்சம் அன்றாடம் வேண்டும்.

ஈசூன்_கயல்:
ரொம்ப நன்றி. இடி, ஆள் கணக்கு, மரம் ஏறுவது, மூன்றையும் நேரில் போய்க் கேட்கப் போகிறேன். தமிழுக்கு என்ன வழி?

மூணு_பிள்ளை_அப்பா:
பள்ளியில் கிடைக்காவிட்டால் மாமியாரிடம் விடுங்கள், தங்கச்சி. கீழே தொட்டாற்சிணுங்கியும் தூங்குமூஞ்சி மரமும் இருக்கிறதல்லவா, அவர் காட்டிக் காட்டிப் பேசட்டும். இல்லையென்றால் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு, கே1க்கு அங்கே மாற்றலாம், பதிவு முந்தைய ஆண்டே நடக்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூமலைக்குப் போனால் திங்கட்கிழமை வேண்டாம், சிறுவர் தோட்டம் மூடியிருக்கும்.