சர்க்கரை ஆலை ஷிப்ட்டில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று: சித்தூர், நகரி, திருத்தணி பக்கத்து ஆட்கள் எழுதுங்க

பேன்_ஃப்ளோர்_பையன்:

நேரா விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளிப்பட்டுப் பக்கம், வேலை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆலையில். பெயர் வேண்டாம். பேன் (வேக்குவத்தில் பாகு காய்ச்சும் பெரிய கொப்பரை) ஸ்டேஷனில் டிசிஎஸ் (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்) பார்க்க ஆரம்பித்து மூன்றாவது சீசன். ஏ பேன், கிரெய்ன் (சர்க்கரை மணி) வைத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வேக்குவம் 25 அங்குலம், டெம்பரேச்சர் 64 டிகிரி. பிரிக்ஸ் (பாகின் அடர்த்தி) கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஸ்கிரீனில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பேன் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்தக் கோடு கொஞ்சம் ஏறும், சிரப் குடித்தால் இறங்கும், சும்மா இருக்காது. அன்றைக்கு ஆடவே இல்லை. எனக்கு அதில் பெருமை வேறு. போனில் ஒரு போட்டோகூட எடுத்தேன்.

எங்கள் பேன்மேன் சித்தூர்க்காரர். ரிட்டயர் ஆக ஒரு சீசன் பாக்கி. ரவுண்ட்ஸ் வந்தவர் ப்ரூஃப் ஸ்டிக்கை (பேனிலிருந்து சாம்பிள் எடுக்கும் கம்பி) உருவி, பாகைக் கண்ணாடித் துண்டில் தடவி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை இழுத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"சூடு நாயனா, பிண்டி பிண்டிகா உந்தி." பாருப்பா, மாவு மாவாக இருக்கிறது.

பார்த்தேன். மணி மணியாக இருக்க வேண்டிய கிரெய்னுக்கு நடுவில் தூள். ரவையில் மைதா கொட்டின மாதிரி. ஃபால்ஸ் கிரெய்ன் என்று அப்போதே புரிந்துவிட்டது, ஆனால் என் வாயில் வந்தது வேறு. "ஸ்கிரீன்ல சரியாத்தானே இருக்கு அண்ணா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஸ்டீம் வால்வைக் குறைத்தார், வேக்குவத்தை இறக்கினார், தண்ணீர் கொடுத்துத் தூளைக் கரைக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் போனது. பிறகு டிரெண்ட் எடுத்துப் பார்த்தால், கீழே இன்னொரு இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் (வேக்குவம் உண்டாக்கத் தண்ணீர் தள்ளுவது) போட்டிருக்கிறார்கள், வேக்குவம் திடீரென்று ஒன்றரை அங்குலம் ஏறியிருக்கிறது. பேன் குளிர்ந்து பாகு தாங்காமல் தானாகவே புதுக் கிரெய்ன் விட்டிருக்கிறது. பிரிக்ஸ் கோடு மட்டும் அப்போதும் நேர்.

அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சுண்ணாம்பு_ஸ்டேஷன்:

கதை நல்லா இருக்கு தம்பி. ஆனால் இந்தக் 'கை ஜெயித்தது, மெஷின் தோற்றது' வகைக் கதை எனக்கு ஒத்துவராது. எல்லா ஆலையிலும் இப்படி ஒரு பெரியவர் இருக்கிறார், எல்லாக் கதையிலும் அவர்தான் சரி. என் கதையில் பெரியவர் தப்பு.

ஜூஸ் சல்ஃபிட்டேஷன், நைட் ஷிப்ட். சாற்றில் சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் சேர்ந்து பிஎச் 7.0, 7.2க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் சர்க்கரை உடையும், கூடினால் சாறு கறுக்கும். மீட்டர் 8.4 காட்டியது. எங்கள் பெரியவர், 25 வருட சர்வீஸ், "மீட்டர் பொய் சொல்லுது, எலக்ட்ரோடுல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு" என்று வால்வை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டுக் கையால் ஓட்டினார். பிடிபி பேப்பரை நனைத்துக் காட்டினார். "பாரு, பச்சை." நானும் பார்த்தேன், பச்சை மாதிரிதான் தெரிந்தது. அமிலம் என்றால் மஞ்சள், நடுநிலை என்றால் பச்சை, காரம் என்றால் நீலம். சரி, பச்சை என்றால் பிரச்சினை இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து கிளாரிஃபையரில் (சாறு தெளியும் தொட்டி) சாறு டிகாக்‌ஷன் நிறத்தில் வருகிறது. இன்னொரு பேப்பரை நனைத்து, சந்தேகத்தில் லேப் வாசல் வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். லேப் டியூப்லைட் வெளிச்சத்தில் பேப்பர் நீலம். நல்ல நீலம். எங்கள் ஸ்டேஷனில் இருந்தது சோடியம் விளக்கு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பச்சையும் தெரியாது, நீலமும் தெரியாது, மனசு என்ன நினைக்கிறதோ அதுதான் தெரியும். மறுநாள் மூட்டை கட்டின சர்க்கரையின் நிறத்தை இங்கே எழுத விரும்பவில்லை.

தம்பிக்கு ஒரு கேள்வி. முந்தின பேனை இறக்கிய பிறகு ஸ்டீமிங் (ஸ்டீம் விட்டு பேனைக் கழுவுவது) பண்ணினீங்களா? பிரிக்ஸ் அளக்கும் ப்ரோபில் பாகு கெட்டியாக ஒட்டியிருந்தால் கோடு ஆடாமல்தான் போகும். அது மெஷின் தப்பில்லை.

லேப்_நைட்_ஷிப்ட்:

என்னுடையது பேனும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. பாய்லர்.

சங்கராந்திக்கு வெட்டு ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். நோ கேன் (கரும்பு இல்லை), இரண்டு நாள் ஆலை நின்றது. திரும்ப ஓட்டியது ராத்திரி இரண்டு மணிக்கு. ஸ்டார்ட் பண்ணின உடனே எவாப்பரேட்டர் (சாற்றைச் சுண்டவைப்பது) ஃபர்ஸ்ட் பாடி கண்டன்சேட்டை, அதாவது ஸ்டீம் குளிர்ந்து வரும் தண்ணீரை, சர்க்கரை கலந்திருக்கிறதா என்று நாஃப்தால் டெஸ்ட் பண்ண வேண்டும், ஏன் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஓடும்போது டியூபுக்கு வெளியே ஸ்டீம் அழுத்தம் அதிகம், ஓட்டை இருந்தால் ஸ்டீம்தான் சாற்றுக்குள் போகும், யாருக்கும் தெரியாது. நின்றால் ஸ்டீம் இறங்கிவிடும், சாறு கசிந்து கண்டன்சேட் பக்கம் வந்து தேங்கும். திரும்ப ஓட்டினால் அது நேராக பாய்லருக்கு.

டெஸ்ட் டியூபில் சாம்பிள், ஐந்து சொட்டு ஆல்ஃபா நாஃப்தால், ஓரமாகக் கெட்டி சல்ஃப்யூரிக் ஆசிட். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வளையம் வந்தது. கத்தரிப்பூ நிறம், மெல்லிசாக.

உடனே போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏனென்றால் முந்தின வாரம்தான் இதே மாதிரி போன் பண்ணி, தண்ணீரை எல்லாம் திருப்பிவிட்டு, கடைசியில் டியூபைச் சரியாகக் கழுவாததுதான் காரணம் என்று ஆனது. பாய்லர் ஹவுஸில் ஒருத்தர் "லேப்ல காபி குடிக்கிற டியூபா அது" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதனால் டியூபைக் கழுவினேன். திரும்பச் செய்தேன். வளையம். புது டியூப் எடுத்து மறுபடியும் செய்தேன். வளையம், இப்போது கருநீலமாக. மொத்தம் பதினைந்து நிமிடம்.

போன் பண்ணினால் எடுக்க ஆளில்லை, எல்லாரும் பாய்லரில். லெவல் கிளாஸில் தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது. புளோடவுன் (பாய்லர் தண்ணீரை வெளியேற்றும் வால்வு) திறந்ததும் வந்த வாசனையை இன்றைக்கும் சொல்வேன்: கமர்கட் கருகின வாசனை. ராத்திரி முழுக்க தண்ணீர் மாற்றினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. என் புக்கில் நேரம் 2.20 என்று இருக்கிறது. அது மூன்றாவது டெஸ்ட்டின் நேரம். முதல் டெஸ்ட்டை நான் எழுதவே இல்லை.

ரிட்டயர்டு_எம்சி:

எல்லாரும் எழுதுகிறீர்கள், நானும் ஒன்று. ஃபால்ஸ் கிரெய்ன் போட்ட பாகைக் கழுவாமல் இறக்கி சென்ட்ரிஃப்யூகலுக்கு (சுழற்றிச் சர்க்கரையைப் பிரிக்கும் மெஷின்) விட்டார்கள். ஜாலி அடைத்து, பாகு ஒரு பக்கமாக ஒதுங்கி, மெஷின் ஆயிரம் ஆர்பிஎம் தாண்டும்போது தரையே ஆடியது. ஆபரேட்டர் ஓடினார், பின்னால் நான். என் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. அவ்வளவுதான்.

இப்போது பிள்ளைகளுக்குச் சில விஷயம். முதலில், பேனை இறக்கினால் ஸ்டீமிங் இல்லாமல் அடுத்த பாகை எடுக்காதே. பழைய கிரெய்ன் சுவரில் ஒட்டியிருந்தால் அதுவே அடுத்த பேனில் கலந்து கண்டபடி வளரும். வேக்குவம் டிரெண்டையும் பிரிக்ஸ் டிரெண்டையும் ஒரே ஸ்கிரீனில் மேலும் கீழும் போட்டு வை. ஒன்று குதித்து மற்றது அசையவில்லை என்றால் அசையாதவன்மேல் சந்தேகப்படு. பிஎச் எலக்ட்ரோடை ஷிப்ட்டுக்கு ஒரு முறையாவது நீர்த்த ஆசிட்டில் கழுவு. கண்டன்சேட் லைனில் கண்டக்டிவிட்டி மீட்டர் இருக்கிறது என்று நாஃப்தாலை விட்டுவிடாதே: சர்க்கரை மின்சாரம் கடத்தாது, சாற்றில் இருக்கும் உப்பைத்தான் அந்த மீட்டர் பார்க்கிறது. லாக் ஷீட்டில் எட்டு மணி நேரத்துக்கும் ஒரே எண்ணைக் காப்பி அடிக்காதே, அதைவிட வெற்றாக விடு. சக்கை யார்டில் நிற்கும்போது துண்டை மூக்கில் கட்டு. பழைய சக்கைத் தூசியில் வரும் நுரையீரல் நோய்க்கு பகாசோசிஸ் என்று தனிப் பெயரே இருக்கிறது, வெல்லம் சாப்பிட்டால் சரியாகும் என்பதெல்லாம் கதை. மூன்று சீசன் ஆகிவிட்டது என்றால் கான்பூர் தேசிய சர்க்கரை நிறுவனத்தில் படிக்க முடியுமா என்று பார். இந்தி வரவில்லை என்று சும்மா இருக்காதே, எனக்கும் வரவில்லை. பேன் ஃப்ளோர் மாடிப்படியை ஒரு ஷிப்ட்டில் நாற்பது முறை ஏறாதே, ஐம்பது வயதில் முட்டி கேட்கும். நல்லெண்ணெய் தேய்.

லேப்_நைட்_ஷிப்ட்:

சார், முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை :) மற்றபடி அந்த கண்டக்டிவிட்டி விஷயம் சரி. எங்கள் மீட்டர் அன்றைக்கு அலாரமே அடிக்கவில்லை.

சுண்ணாம்பு_ஸ்டேஷன்:

ஷிப்ட்டுக்கு ஒரு முறை எலக்ட்ரோடு கழுவ ஆள் யார் சார் தருவார்கள்? எங்கள் ஸ்டேஷனில் ஒருத்தர்தான், சல்ஃபர் பர்னரும் அவர் தலையில். எழுதுவது சுலபம்.

வெல்லக்_கொட்டகை:

நான் ஆலை ஆள் இல்லை. கரும்பும் வைக்கிறோம், வெல்லமும் காய்ச்சுகிறோம், சித்தூர் மண்டிக்குப் போடுகிறோம். படிக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. கரும்பு லோடு இறக்கிவிட்டுக் காத்திருந்தபோது தெரிந்தவர் ஒருத்தர் பேன் ஃப்ளோருக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் பாகு கொதிக்கிறது, ஆனால் 64 டிகிரிதான் என்றார்கள். எங்கள் கொப்பரையில் இறக்குகிற நேரத்தில் 118 இருக்கும், பக்கத்தில் நிற்க முடியாது. வேக்குவத்தில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்று சொன்னார்கள், சரி.

அங்கிருந்த வயசான பேன்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் பதம் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்போம் என்றேன். அழுக்கு எடுக்க? வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழத் தண்ணீர். அவர் சிரிக்கவில்லை. "மாதி தீகா பாகம்" என்று விரலை இழுத்துக் காட்டினார். நம் கம்பிப் பதம்தான். இவ்வளவு பெரிய ஆலையில் கடைசியில் விரலா என்று இருந்தது. முதலில் எழுதிய தம்பி சொல்வது அவரைத்தானோ என்னவோ.

பேன்_ஃப்ளோர்_பையன்:

அவராக இருக்கலாம், எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார்.

சுண்ணாம்பு ஸ்டேஷன் அண்ணனுக்கு: ஸ்டீமிங் பண்ணினீங்களா என்று கேட்டீர்கள். நான் அதை எழுதாமல் விட்டதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பண்ணவில்லை. அன்றைக்கு சிரப் டேங்க் நிறைந்து வழிகிற நிலைமை, மில் பக்கத்திலிருந்து போன் மேல் போன். பேனை இறக்கியதும் பேன்மேன் ஸ்டீம் விடப் போனார். "வேண்டாம் அண்ணா, இருபது நிமிஷம் போயிடும், நேரா எடுங்க" என்று சொன்னது நான்தான். ப்ரோபைக் கழற்றிப் பார்த்தபோது மேலே பாகு கல் மாதிரி இறுகியிருந்தது.

காலையில் சீஃப் கெமிஸ்ட் கேட்டார், ஏன் ஸ்டீமிங் விட்டீர்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பேன்மேன், "நேனே ஒத்தன்னானு சார்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன், சார். லாக் புக்கிலும் அப்படியே ஏறிவிட்டது.