94-லேயே நின்ற வேகம்: வீட்டு ரவுட்டர் வாங்கிய அனுபவங்கள்

மதுரையில் எங்கள் வீடு. கீழே ஹாலும் இரண்டு அறையும், மாடியில் ஓர் அறை. மகள் மாடியில் இருந்தபடி வேலை பார்க்கிறாள். அவளுக்காகத்தான் போன வருடம் ஃபைபர் பிளானை 50-லிருந்து 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். மாத வாடகை கூடியது, வேகம் 94-க்கு மேல் போகவில்லை. ராத்திரி 2 மணிக்கு எழுந்து பார்த்தாலும் அதே 94. லைன் பார்க்க வந்த தம்பி ஃபைபரைக் கழற்றி மீட்டரில் வைத்துக் காட்டினார், மைனஸ் 19 இருந்தது. “லைன் சுத்தமா இருக்கு சார், உங்க ரவுட்டர்தான் பழசு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை நம்பி ஒரு ரவுட்டர் வாங்கினேன். நான்கு ஆன்டெனா, பெட்டியில் பெரிய எழுத்தில் ஏசி1200. 1200 என்றால் 200 தாராளமாக வரும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? மாட்டிப் பார்த்தால் 94.

தீபாவளிக்கு வந்த அக்கா மகன்தான் பிடித்தான். “லைன் மோசமா இருந்தா ஸ்பீடு ஏறி இறங்கும் மாமா. இது ஒரே இடத்துல நிக்குது. நடுவுல எங்கேயோ 100 எம்பி போர்ட் ஒண்ணு இருக்கு.” ரவுட்டர் பெட்டியைத் திருப்பினான். அடியில் பொடி எழுத்தில் வேன் போர்ட் (இன்டர்நெட் கேபிளைச் செருகும் துளை) 10/100 என்று இருந்தது. 1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867 இரண்டையும் கூட்டி, வரும் 1167-ஐ ரவுண்டாக்கிய வைஃபை கணக்கு. ஒரு போனுக்கு அவ்வளவும் கிடைக்கவே கிடைக்காது. அதோடு, வெளியிலிருந்து இன்டர்நெட் உள்ளே வருவது அந்த 100 எம்பி போர்ட் வழியாகத்தான். அந்த 100-லும் தகவலோடு சேர்ந்து போகும் கூடுதல் சுமை ஐந்தாறு எடுத்துக்கொண்டால் மீதி 94.

திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டதால் கிகாபிட், அதாவது 1000 எம்பி, போர்ட் உள்ள இன்னொன்று வாங்கினேன். அதை மாட்டிய பிறகும் 94! எனக்கு வெறுத்துவிட்டது. மருமகன் விடவில்லை. வாசல் பக்கம் இருக்கும் ஓஎன்டி பெட்டியில் (ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் பெட்டி) ஒரு சின்ன கேபிளைச் செருகி லேப்டாப்பை நேராக இணைத்தான். 200-ஐத் தாண்டியது. லேப்டாப்பில் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று காட்டியது. ஹாலுக்கு வரும் பழைய லேன் கேபிளின் முனையைச் செருகியதும் 100/100.

கேபிள் முனையில் இருந்த கண்ணாடி பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எட்டு ஒயரில் ஏழுதான் தங்கப் பல் வரை போயிருந்தது. பழுப்பு ஒயர் ஒரு நூல் அளவு குட்டையாக, பல்லைத் தொடாமல் நின்றது. 100-க்கு நான்கு ஒயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று தொடாவிட்டால் இரண்டு பக்கப் பெட்டிகளும் பேசிவைத்ததுபோல் பெரும்பாலும் 100-க்கு இறங்கிக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. தெருமுனை சிசிடிவி கடைத் தம்பி முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. அன்றே 196.

மாடிக் கதை வேறு. நடுவில் கான்கிரீட் தளம், ரவுட்டர் இருந்ததோ இரும்பு பீரோவுக்குப் பின்னால். பீரோவை விட்டு விலக்கி, ஆள் உயரத்தில் சுவரில் மாட்டியதுமே கீழ் அறைகள் சரியாகிவிட்டன. மாடிக்கு, பழைய டிஷ் ஒயர் போன பைப்பிலேயே லேன் கேபிளை இழுத்து, வீணாகக் கிடந்த ஏசி1200-ஐ அங்கே மாட்டினோம். அதற்கு 192.168.1.2 என்று வேறு முகவரி கொடுத்து, போனுக்கும் லேப்டாப்புக்கும் முகவரி வழங்கும் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகினோம். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரவுட்டரும் ஆளுக்கொரு முகவரி கொடுத்து வீடே குழம்பிவிடும். மாடியில் இப்போது 94 வருகிறது. மகளுக்கு அது போதும்.

ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் லேப்டாப்பை ஓஎன்டியில் நேராகச் செருகிப் பாருங்கள், தயவுசெய்து. அங்கேயே வேகம் இல்லையென்றால் எந்த ரவுட்டரும் அதைக் கொண்டுவராது.

* * *

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். மதுரை அண்ணன் சொன்ன போர்ட் விஷயத்தோடு அடாப்டரையும் பாருங்கள். நான் வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் போனால் பகல் முழுக்க வராது. ஃபைபர் லைனில் நடுவில், ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை, ஆபரேட்டர் பக்கம் பேட்டரி இருந்தால் நம் வீட்டில் இருட்டானாலும் லைன் உயிரோடுதான் இருக்கும். நம் பெட்டிகள் இரண்டையும் ஓட்டினால் போதும் என்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கினோம்.

நல்லவேளை, செருகுவதற்கு முன் அடாப்டரைத் திருப்பிப் படித்தோம். ஓஎன்டி 12 வோல்ட், ரவுட்டர் 9 வோல்ட். அடாப்டர் முனை ஒரே அளவு என்பதால் இரண்டிலும் கச்சிதமாக உட்காரும். மாட்டியிருந்தால் ரவுட்டர் போயிருக்கும். அடுத்த ரவுட்டர் வாங்கும்போது 12 வோல்ட் என்பதை உறுதி செய்துகொண்டுதான் பணம் கட்டினேன். ஆம்பியரையும் இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டி, யுபிஎஸ் அவ்வளவு கொடுக்குமா என்று பாருங்கள்.

* * *

சென்னை வேளச்சேரி, அடுக்குமாடி மூன்றாவது தளம். எங்களுக்குச் சுவர் பிரச்சினை இல்லை, பக்கத்து வீடுகள்தான் பிரச்சினை. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பதுக்கு மேல் பெயர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் நெருக்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஏழு மணி ஆனால் அப்பாவின் வீடியோ கால் நின்று நின்று வரும், மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் போய்விடும்.

டிவி, லேப்டாப், போன் மூன்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். பிரின்டருக்கும் ஸ்மார்ட் பிளக்குக்கும் 2.4 மட்டும்தான் தெரியும், அவை அங்கேயே இருக்கட்டும் என்று அதற்குத் தனிப் பெயர் வைத்துவிட்டேன். அந்த 2.4-இன் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன். புது ரவுட்டர் வாங்காமலேயே சரியாகிவிட்டது. கேட்க ஒன்று உண்டு: ஓஎன்டியிலேயே வைஃபை வருகிறதே, தனி ரவுட்டர் அவசியமா?

* * *

மதுரைக்காரன் பதில். உங்கள் வீட்டு அளவுக்கு அவசியமில்லை தம்பி. ஓஎன்டியில் கிகாபிட் போர்ட்டும் 5 கிகாஹெர்ட்ஸும் இருந்து, எல்லா அறைக்கும் எட்டினால் காசை மிச்சம் பிடியுங்கள். வைஃபை 5-க்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 வாங்கச் சொல்வார்கள். உங்கள் போனும் லேப்டாப்பும் வைஃபை 5 தான் என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. புதிதாக வாங்குவதென்றால் 6 வாங்குங்கள், அடுத்த போன் அதற்கு ஏற்றதாக வரலாம்.

தனி ரவுட்டர் போட்டால் ஓஎன்டியை, லைனை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டும் ரவுட்டர் வேலை பார்க்கும், வெளியிலிருந்து கேமரா பார்ப்பது போன்றவற்றில் தொல்லை வரும். மாற்றுவதற்கு முன், ரவுட்டர் லைனில் லாகின் ஆகத் தேவையான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண் மூன்றையும் ஆபரேட்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நான் ஈபி கார்டு இருக்கும் கவரிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை ரீசெட் பட்டனைத் தொட வேண்டாம்.