பெர்மாங்கனேட் டைட்ரேஷனை வீடியோவில் நடத்தினால் போதுமா?

குடுவை_தாம்பரம்:
நேற்று இங்கே நியூட்டன்நேசன் ஒரு பதிவு போட்டிருந்தார். பிளஸ் டூ வேதியியல் செய்முறை முழுவதையும் ஆன்லைன் பாடமாக மாற்றிவிட்டாராம், இனி யாரும் லேபுக்காக ஏங்க வேண்டாமாம். சரி என்று அவருடைய பெர்மாங்கனேட் டைட்ரேஷன் வீடியோவைப் பார்த்தேன்; அதாவது ஆக்சாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை. சொட்டு விடும் அளவுக் குழாயான பியூரெட்டை லோயர் மெனிஸ்கஸில், அதாவது திரவ மட்டத்தின் கீழ் வளைவில், படிக்கிறார் ஐயா! பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதா. கீழ் வளைவு எங்கே தெரியும்? அதனால்தான் மேல் விளிம்பைப் படிக்கச் சொல்கிறோம். இதுகூடத் தெரியாமல் லேபுக்குப் பூட்டு போட வந்துவிட்டார்.

நியூட்டன்நேசன்:
பூட்டு போடச் சொன்னேனா? லேப் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு என்று எழுதியிருந்தேன். அப்புறம், தொடக்க அளவையும் இறுதி அளவையும் ஒரே இடத்தில் படித்தால் கழிக்கும்போது வித்தியாசம் அடிபட்டுப் போகும். கழித்தல் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

குடுவை_தாம்பரம்:
கழித்தல் எனக்கும் தெரியும் சார். கண்ணுக்குத் தெரியாத விளிம்பை இரண்டு முறையும் ஒரே இடத்தில் எப்படிப் படித்தீர்கள்? குத்துமதிப்பா? மேல் விளிம்பு. மேல் விளிம்பு. எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வியாசை_மிஸ்:
நீங்கள் இருவரும் விளிம்பிலேயே நில்லுங்கள். எனக்கு உறுத்தியது வேறு. ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கிய பிறகும் முதல் பெர்மாங்கனேட் சொட்டின் நிறம் சட்டென்று போகாது. வினையில் கொஞ்சம் மாங்கனீசு அயனி உருவாகி, அதுவே வினையூக்கியாக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் மறையும். வகுப்பில் ‘மிஸ், கலர் போகவே மாட்டேங்குது’ என்று பிள்ளைகள் கத்துகிற இடம் அது. வீடியோவில் அதை வெட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அங்கே வீடியோவை நிறுத்தி, ஏன் என்று பிள்ளை நாலு வரி எழுதிய பிறகுதான் மேலே போக விட வேண்டும். வகுப்பை அப்படியே படம் பிடித்து ஏற்றுவது பாடமா?

நியூட்டன்நேசன்:
மிஸ், நீளமான வீடியோவைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. இந்தக் கஷ்டம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

குடுவை_தாம்பரம்:
மிஸ் சொல்வது நல்ல விஷயம். ஆனால் எந்த விளிம்பைப் படிப்பது என்றே தெரியாதவரிடம் வினையூக்கி பற்றிப் பேசி என்ன பயன்?

பிக்சல்_பாபு:
எதற்கு இந்தச் சண்டை? கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள், அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் நிரல்கள், 2002 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடங்கியவர் கார்ல் வீமன், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். அவரே கணினியில் அறிவியல் கற்கலாம் என்கிறார். உங்களுக்கு என்ன வலிக்கிறது?

குடுவை_தாம்பரம்:
தம்பி, அவருக்கு 2001இல் நோபல் கொடுத்தது அணுக்களைக் குளிரவைத்ததற்கு. பியூரெட் படித்ததற்கு இல்லை.

மாம்பலம்_அம்மா:
நான் ஆசிரியை இல்லை. வீட்டில் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலந்து எலுமிச்சைச் சாறு விடச் சொன்னார்கள். நிறமே மாறவில்லை. பையன் ஆன்லைன் வகுப்பே பொய் என்கிறான்.

வியாசை_மிஸ்:
அம்மா, மஞ்சள் காரத்தில்தான் சிவக்கும். அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும். சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் செம்பருத்திச் சாறு எடுங்கள்: அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. இதைச் சொல்லாமல் பொருட்பட்டியலை மட்டும் அனுப்பியது யார்?

நியூட்டன்நேசன்:
நான் இல்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதீர்கள்.

குடுவை_தாம்பரம்:
விளிம்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லவா? கேமரா பியூரெட்டுக்கு மேலே இருந்து சாய்வாகப் பார்க்கிறது. அளவு ஒரு கோடு தள்ளித்தான் தெரியும். லேபில் ஒரு பிள்ளை குனியாமல் படித்தால் கண் மட்டத்துக்கு வா என்று தோளைத் தட்டுவோம். உங்கள் கேமராவை யார் தட்டுவது?

பிக்சல்_பாபு:
ரிச்சி தெருவில் ஒரு ஸ்டாண்ட் வாங்கினால் முடிகிற விஷயம். அதற்கு இவ்வளவு வியாக்கியானம்!

குடுவை_தாம்பரம்:
அப்படியானால் வாங்கியிருக்க வேண்டியதுதானே? கட்டணம் மட்டும் முன்கூட்டியே வாங்குகிறார்.

நியூட்டன்நேசன்:
கட்டணம் பற்றி நீங்கள் பேசாதீர்கள். போன வருடம் இதே பாடத்துக்கு விடுமுறை வகுப்பு எடுத்தவர் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மற்றபடி என் பிள்ளைகள் செய்முறைத் தேர்வைப் பள்ளி லேபில்தான் எழுதப் போகிறார்கள். போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான்.

குடுவை_தாம்பரம்:
விடுமுறை வகுப்பில் பியூரெட்டைக் கையில் கொடுத்தேன். மேல் விளிம்பைப் படிக்க வைத்தேன். நேற்று லேபுக்கு ஏங்க வேண்டாம், இன்று லேபில்தான் தேர்வு. எது உங்கள் கட்சி?

பிக்சல்_பாபு:
அந்த விடுமுறை வகுப்புக்கு ரசீது கொடுத்தீர்களா சார்?

குடுவை_தாம்பரம்:
உனக்கு எதற்கு ரசீது? நீ வந்து படித்தாயா?