மிளகாய் சாஸில் கஞ்சா கலக்கலாமா? ஸ்கார்பரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, கூடத் தங்கியிருப்பவர் புளிக்க வைத்த மிளகாய் சாஸில் கஞ்சாவும் சேர்க்கலாம் என்கிறார், சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்குத் தடை இல்லை. ஒன்டாரியோவில் 19 வயது ஆனவர்கள் உரிமம் உள்ள கடையில் வாங்கி, வீட்டில் தங்களுக்கென்று சமைத்துக்கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. நண்பரிடம் ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு ஒரு பாட்டில் கொடுத்தாலும் அது விற்பனைதான்.

இருந்தாலும் கலக்காதீர்கள் என்றே சொல்வேன். சாஸில் நடப்பது நம் இட்லி மாவில் நடப்பதுதான். மிளகாய், பூண்டு, மொத்த எடையில் 2 முதல் 3 சதவீதம் உப்பு. ஓரிரு வாரத்தில் லாக்டிக் பாக்டீரியா அமிலத்தை ஏற்றிவிடும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4-க்குக் கீழே இறங்கினால் நல்லது. ஆனால் அது முழுக்கத் தண்ணீர்ச் சரக்கு. போதை தருகிற டிஎச்சி தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். காய்ந்த கஞ்சா மொட்டை அப்படியே போட்டாலும் பிரயோசனமில்லை, சூடு பட்டால்தான் அது டிஎச்சியாக மாறும். சரி, எண்ணெயில் இறக்கி ஊற்றலாமே என்றால், ரசத்தின் மேல் தாளிப்பு மிதப்பதுபோல் மேலே வந்து நிற்கும். முதலில் ஊற்றிக்கொள்பவருக்கு மொத்தமும் போய்விடும், கடைசி ஆளுக்கு ஒன்றுமிருக்காது. பூண்டோ இலையோ எண்ணெயில் மூழ்கி அறைச் சூட்டில் கிடந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு ஆபத்து வேறு.

நான் முன்பு இருந்த வீட்டில் இப்படி ஒரு பாட்டில் பெயர் ஒட்டாமல் ஃபிரிட்ஜில் இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த ஒருவரின் அம்மா அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல். விடிய விடிய அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாவின் பயந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. சாப்பிட்ட கஞ்சா வேலை செய்யத் தொடங்கவே அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகும், 12 மணி நேரம் வரை நிற்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கரண்டி போடுவதுதான் ஆளைச் சாய்க்கும்.

உங்கள் கூடத் தங்கியிருப்பவர் விரும்பினால், கடையில் விற்கும் கஞ்சா எண்ணெயைத் தன் தட்டில் மட்டும் அளந்து விட்டுக்கொள்ளட்டும். மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாட்டிலில் போட்டிருக்கும். மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றால் கால் மில்லி போதும். புதியவருக்கு 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். பாட்டிலைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம்.

உங்களுக்கு முக்கியமானது வண்டி. ஜி1, ஜி2 என்ற புதிய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் உடம்பில் கஞ்சா துளியும் இருக்கக் கூடாது. போதையில் ஓட்டி வழக்கில் தண்டனை வந்தால், 2018 டிசம்பர் 18-க்குப் பிறகு அது குடியேற்றச் சட்டத்தில் கடுங்குற்றம். பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியவரையே வெளியேற்ற முடியும், படிக்க வந்த உங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது வீட்டுக்கு சாஸ் எடுத்துப் போவீர்களானால், தனியாகச் செய்து, கஞ்சா பட்ட கரண்டியோ ஜாடியோ படாத பாட்டிலில் எடுத்துப் போங்கள். கஞ்சாவோடு கனடா எல்லையைத் தாண்டுவதே குற்றம். அங்கே இறங்கினால் இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது.