மறு: ‘ஃபோர்ஸ்டு லேண்டிங்’ – கட்டாயமா, இக்கட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இயந்திரம் பழுதாகி, மேற்கொண்டு பறக்க முடியாமல் விமானி விமானத்தை இறக்க நேர்வதை ஆங்கிலத்தில் ‘ஃபோர்ஸ்டு லேண்டிங்’ (forced landing) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கட்டாயத் தரையிறக்கம்’ என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அகராதிப்படி சரிதான். ஆனால் கட்டாயம் என்றால் கட்டாயப்படுத்த ஒருவர் வேண்டும். 2021 மே மாதம் ஏதென்சிலிருந்து வில்னியசுக்குப் போன ரயன்ஏர் விமானத்தை பெலாரஸ் அரசு மின்ஸ்கில் இறங்க வைத்ததே, அதற்குத்தான் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். இயந்திரம் நின்றுபோன விமானியின் கதை வேறு.

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று ஓட்டிய சின்ன விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1942இல் செய்த ரயன் பி.டி-22, இரண்டாம் உலகப்போர்க் காலப் பயிற்சி விமானம். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நிலையத்திலிருந்து கிளம்பிய சற்று நேரத்திலேயே இயந்திரம் வலுவிழந்தது. உடனே திரும்பி வருவதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லி, இடப்பக்கம் திருப்பினார். ஓடுபாதை எட்டாது என்று தெரிந்ததும் அருகிலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். வழியில் ஒரு மரத்தின் உச்சி தட்டியது. பலத்த காயம், ஆனால் பிழைத்தார். தரையில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் இருந்தது. பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் தன் இருக்கையிலிருந்து மரை கழன்று திரும்பியிருந்தது. அளவில்லாமல் பெட்ரோல் பாய்ந்ததால் கலவையில் காற்று போதாமல், இயந்திரம் வலுவை இழந்தது. அந்த ஜெட் நாளடைவில் தளர்கிறதா என்று சோதிக்கச் சொல்லும் பராமரிப்புக் குறிப்பே இல்லை என்பதையும் விசாரணை அறிக்கை சொன்னது. (‘மெயின் ஜெட்’டுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து. பைக் மெக்கானிக்குகள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜெட் விமானத்தோடு குழம்பும் என்றால் முதல் இடத்தில் ‘எரிபொருளை அளந்து விடும் துளைத் திருகு’ என்று விளக்கினால் போதும்.)

இப்படி நடந்ததைத்தான் நம் செய்திகள் ‘விமானம் விழுந்து நொறுங்கியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. விமானி செய்த வேலை முழுவதும் அதில் காணாமல் போகிறது. இயந்திரம் நின்றதும் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். வேகம் குறையக் குறையத் திருப்பினால் இறக்கை தாங்குவிசையை இழந்து விமானம் கல்லாய் விழும். எட்டுகிற தூரத்தில் திறந்த வெளியைத் தேட வேண்டும். இத்தனையும் சில நொடிகளில். இதற்கென்று பயிற்சி உண்டு, பெயரும் உண்டு. அந்தப் பெயரைத் தமிழில் தராமல் விடுவது அந்த விமானிகளுக்குச் செய்யும் அநியாயம்.

என் முன்மொழிவு: ‘இக்கட்டுத் தரையிறக்கம்’. இக்கட்டு நிலைமையைச் சொல்கிறது. முடிவெடுப்பது விமானி என்பதற்கும் இடம் விடுகிறது. தலைப்பிலும் உட்காரும்: ‘இயந்திரக் கோளாறு: கோல்ஃப் மைதானத்தில் இக்கட்டுத் தரையிறக்கம்’. வினையாக்கினால் ‘இக்கட்டில் தரையிறங்கியது’.

‘அவசரத் தரையிறக்கம்’ எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும், பழகிய சொல். பறக்க முடியும், ஆனால் பறப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று விமானி இறக்கினால் ‘முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம்’. 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏர்பஸ் பயணிகள் விமானம் இறங்கியது போன்றவற்றுக்கு ‘நீரிறக்கம்’ போதும், தண்ணீரில் இறங்குவதைத் தரையிறக்கம் என்று எழுதுவது படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. இயந்திரமில்லாமல் காற்றில் மெல்ல இறங்கி வருவதை ‘சறுக்கி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஓடுபாதையில் சறுக்கியதற்கும் அதே சொல். ‘மிதந்து’ என்றால் பலூன் போல நிற்கிறது. இதற்குத் தனி விவாத இழை தொடங்கலாமா?