ஊர்ச் சாவடியையும் பழைய வீடுகளையும் பிரித்து ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கலாமா?

ஏரிக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். பழைய கட்டடம் என்று சொல்லிக்கொள்ள இப்போது மிச்சம் மூன்றுதான். கல்தூண் வைத்த சாவடி, மணியக்காரர் (அந்தக் காலத்து ஊர் நிர்வாகி) வீடு, தெருக்கோடியில் குழித்தறி இருக்கிற ஒரு ஓட்டு வீடு. சாவடியின் முன்பக்கம் சாலை அகலப்படுத்துவதில் போகும் என்று குறி போட்டுவிட்டார்கள். மணியக்காரர் வீட்டு வாரிசுகள் எல்லாரும் சென்னை, பெங்களூரில் இருக்கிறார்கள், விற்கிற யோசனை. பழைய மரம் வாங்குகிற ஒருவர் வந்து வாசல் நிலைக்கும் தூண்களுக்கும் மட்டும் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார், வீடு அவருக்கு வேண்டாமாம்! இளைஞர்கள் சிலர் சேர்ந்து, மூன்றையும் பிரித்து ஏரிக்கரைப் புறம்போக்கில் ஒரு பாரம்பரியப் பூங்கா மாதிரி வைத்துவிடலாம், சென்னை பக்கம் முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் கொண்டுவந்து வைத்த தட்சிணசித்ரா இல்லையா அது மாதிரி, என்கிறோம். இது நடக்கிற காரியமா? முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கொத்தனார் வீட்டுப் பிள்ளை:
நடக்கும் தம்பி, ஆனால் வீட்டையே தூக்கி வைப்பதாக நினைக்காதீர்கள். வருவது மரமும் கல்லும்தான். மண் சுவர் வராது, பிரித்தால் மண், அவ்வளவுதான், அதைப் புதிதாக எழுப்ப வேண்டும். மெத்தைத் தளம் போட்டிருந்தால் (உத்தரத்துக்கு மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது, மெட்ராஸ் டெரஸ் என்பார்கள்) அதிலும் மரம் மட்டும்தான் முழுசாகக் கைக்கு வரும். நாட்டு ஓடு இறக்கும்போதே ஒரு பங்கு உடையும். இப்போது அதைச் செய்கிற குயவர்கள் அரிது, அதனால் சுற்று வட்டாரத்தில் யார் வீட்டை இடித்தாலும் ஓட்டை வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

பிரிப்பதற்கு முன்னால் அளவெடுத்து வரைபடம் போட வேண்டும், இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள். ஒவ்வொரு தூண், போதிகை (தூண் தலையில் உட்காரும் கட்டை), உத்தரம், பனங்கை (கூரை தாங்கும் பனஞ்சட்டம்) எல்லாவற்றுக்கும் தகரத் துண்டில் எண் அடித்து ஆணி வைத்துவிட்டு, அதே எண்ணைப் படத்திலும் குறியுங்கள். பெயிண்டில் எழுதினால் ஒரு மழைக்கே போய்விடும். எண் முகப்பில் தெரியாதபடி சுவர் பக்கம் வரட்டும். தூண் எந்த முகம் தெருவைப் பார்த்து நின்றது என்பதும் முக்கியம், வெயில் பட்ட பக்கம் வேறு மாதிரி தேய்ந்திருக்கும், மாற்றி நிறுத்தினால் பார்த்தவுடனே கண்ணை உறுத்தும்.

அப்புறம் இன்னொன்று, அதுவரை யாரும் நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசிவிடக் கூடாது. மண் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும், ஓதம் மேலே ஏறி உப்புப் பூத்து உள்ளேயே உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புதான் அதற்குச் சரி.

தறிக்காரர் மகள்:
அண்ணா, மற்ற இரண்டையும் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தறி வீட்டை மட்டும் தொடாதீர்கள். எங்கள் அப்பா லுங்கி நெய்தவர். குழித்தறி என்றால் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பது. அந்தக் குழியை எப்படிப் பெயர்ப்பீர்கள்? குழியின் ஈரத்தில்தான் கோடையிலும் நூல் அறாமல் ஓடும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துத்தான் ஜன்னல் வைத்திருப்பார்கள். வேறு இடத்தில் புதிதாகக் குழி வெட்டி தறியைப் போட்டால் அது கண்காட்சிப் பொருள். நெய்கிற ஆள் இன்னும் ஊரில் இருந்தால் அந்த வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுங்கள், அதுவே போதும்.

இதையும் கேட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். மூன்றில் ஒன்றாவது காலனியில் இருக்கிறதா? பூங்கா என்று வந்தால் மணியக்காரர் திண்ணை முன்னால் வந்து நிற்கும். அந்தத் திண்ணையில் யார் யார் உட்கார முடியாமல் இருந்தார்கள் என்று எந்தப் பலகையில் எழுதப் போகிறீர்கள்?

பழைய வருவாய் ஆய்வாளர்:
ஏரிக்கரைப் புறம்போக்கு என்ற பேச்சை முதலில் விடுங்கள் தம்பி. நீர்நிலைப் புறம்போக்கை வேறு உபயோகத்துக்குக் கேட்டால் வருவாய்த் துறை தொடாது, 2007ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றமும் கடுமையாக இருக்கிறது. நாலு தூண் நிறுத்தினாலும் ஆக்கிரமிப்புதான். கிராம நத்தத்தில் (குடியிருப்புக்கு என்று ஒதுக்கிய நிலம்) இடம் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் யாராவது ஊராட்சி பேருக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

மணியக்காரர் வீட்டில் 1980இல் பரம்பரை மணியம் ஒழிந்தபோது ஒப்படைக்காத பழைய கணக்கு, அடங்கல் (சாகுபடிப் பதிவேடு) எதுவாவது பரணில் கிடக்கலாம். மரத்தைப் பார்க்கிற அவசரத்தில் அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

கட்டடக்கலை மாணவன்:
தட்சிணசித்ரா 1996இல் திறந்தது, அதற்குப் பின்னால் 1984இலிருந்தே மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்று ஒரு அமைப்பு இருந்தது. அங்கே போன வீடுகள் இடிபட இருந்தவை, அதனால்தான் பிரித்தார்கள். பழைய கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது, வேறு வழியில் காப்பாற்ற முடியாவிட்டால்தான் நினைவுச்சின்னத்தை இடம் மாற்றலாம். உங்கள் ஊரில் வேறு வழி இல்லாத நிலைமை சாவடிக்கு மட்டும்தான் இருக்கிற மாதிரித் தெரிகிறது. அதையும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வேண்டாமே, அதே தெருவில் பத்தடி பின்னால் தள்ளி நிறுத்த இடம் கிடைக்காதா? கோயிலில் பாரதம் நடக்கிறபோது கூத்துக்காரர்கள் அங்கேதான் தங்குவார்கள் என்றால் சாவடி கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நுழைவுச்சீட்டு விற்று பூங்காவை நடத்த குடியாத்தம் பக்கம் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வருடா வருடம் ஓடு மாற்ற, கறையான் மருந்து அடிக்க, காவலுக்கு ஆள் போட பணம் எங்கிருந்து வரும்?

ஏரிக்கரையான்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா கேட்டதற்கு நேரான பதில், மூன்றும் ஊர்த் தெருவில்தான். காலனியில் ஓட்டுக் கூரையோடு பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, அதை எங்கள் கணக்கிலேயே நாங்கள் சேர்க்கவில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுகிறோம். சாவடிக்குப் பின்னால் களம் இருக்கிறது, நத்தம்தான் என்கிறார் தலைவர், விஏஓவிடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மணியக்காரர் வீட்டுக்கு மரக்காரர் சொன்ன விலையை நாங்களே கொடுத்து, வீட்டைப் பிரிக்காமல் நூலகமாக வைக்க முடியுமா என்று வாரிசுகளிடம் கேட்கப் போகிறோம்.

கல்தூணை உடைக்காமல் இறக்கத் தெரிந்த ஆட்கள் வேலூர், ஆரணி பக்கம் யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஜேசிபி வேண்டாம், மூன்று மரக்கால் நட்டு முக்காலி கட்டிச் சங்கிலியில் இறக்குகிற ஆளாக இருக்க வேண்டும்.