காலையில் நடந்தால் பதினொரு மணிக்குச் சர்க்கரை இறங்குகிறது

எனக்கு வயது 52, மதுரை. சர்க்கரை வந்து 6 வருஷம். காலையில் கிளிமெபிரைடு 2 மி.கி., இரண்டு வேளை மெட்ஃபார்மின் 500, இரண்டும் சர்க்கரை மாத்திரைதான். இன்சுலின் ஊசி இல்லை.

மூன்று வாரமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றி காலை ஐந்தரைக்கு 45 நிமிடம் நடக்கிறேன். நடக்கும்போது ஒன்றுமில்லை. மாத்திரை போட்டு, நாலு இட்லி சாப்பிட்டுக் கடைக்குப் போனால் பதினொரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. செவ்வாய்க்கிழமை பில் போடும்போது எழுத்தே கலங்கிவிட்டது. குத்திப் பார்த்தால் 61. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன், கால் மணி நேரத்தில் 94. இதுவரை நாலு தடவை இப்படி.

நடையை 25 நிமிடமாக்கியும் ஒருநாள் 66. கிளம்புமுன் பிஸ்கட் தின்றும் பலனில்லை. புது டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் குத்திப் பார்த்தும் அதே கதைதான். பத்தரைக்கு வாழைப்பழம் சாப்பிட்ட அன்று இறங்கவில்லை, ஆனால் மதியம் 210.

மாத்திரையை நானாகக் குறைக்க மாட்டேன். டாக்டர் ஊரில் இல்லை, வியாழக்கிழமைதான் பார்க்க முடியும். நடையை மட்டும் விடச் சொல்லாதீர்கள், இப்போதுதான் ராத்திரி ஒழுங்காகத் தூக்கம் வருகிறது.

கிளிமெபிரைடு போடுகிறவர்களில் நடையை மாலைக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அதன்பிறகு இந்த இறக்கம் நின்றதா?